‘ஓம் பிள்ளை, பூட்டியாச்சு’ – 13 மாதமும் ஒரு லட்சத்து எண்பத்தேழாயிரம் ரூபாயும்

மகளுக்கு வந்தது ஓசிடி என்ற நோய் என்று தெரிய எங்களுக்குப் பதின்மூன்று மாதம் எடுத்தது. வேண்டாத எண்ணமும் பயமும் திரும்பத் திரும்ப வரும், அதை அடக்கச் செய்ததையே திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும். வீட்டில் சவர்க்காரம் சீக்கிரம் முடிந்துபோவதைத்தான் நாங்கள் முதலில் கவனித்தோம். 2023 மாசி மாதம். திருகோணமலை பாலையூற்றில் வீடு, டவுனில் சின்னதாக ஒரு ஹாட்வெயார் கடை, மனைவி முன்பள்ளி ஆசிரியை, ஒரே மகள் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறாள். மாதத்துக்கு மூன்று கட்டி போதுமாக இருந்த வீட்டில் வாரத்துக்கு மூன்று போனது. மகளின் விரல் மடிப்புகளில் தோல் வெடித்திருந்தது. சவர்க்காரம் ஒத்துக்கொள்ளவில்லை போல என்று பார்மசியில் களிம்பு வாங்கிக் கொடுத்தேன். ஒரு நாளைக்கு எத்தனை தரம் கழுவுகிறாய் என்று கேட்கத் தோன்றவில்லை.

கைக்குப் பிறகு காஸ் வந்தது. 2021 கடைசியில் நாடு முழுக்கக் காஸ் அடுப்பு வெடித்த செய்திகள் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். எல்லோரும் பயந்தோம், பிறகு மறந்தோம். அவளுக்கு மறக்கவில்லை. இரவு பத்து மணிக்கு மேல், “அப்பா, காஸ் பூட்டியாச்சோ?” என்பாள். “ஓம் பிள்ளை, பூட்டியாச்சு.” ஐந்து நிமிடத்தில் திரும்ப அதே கேள்வி. ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன், நாற்பத்தொரு தரம். விடிந்தால் கடை திறக்க வேண்டும். அதனால் என் குரலை அவளுடைய போனில் பதிவு செய்து கொடுத்தேன்: “ஓம் பிள்ளை, பூட்டியாச்சு, நான் பார்த்தனான், படு.” எவ்வளவு கெட்டித்தனம் என்று அன்றைக்கு நினைத்தேன். அதைப் போட்டுப் போட்டுக் கேட்டுக்கொண்டே தூங்காமல் கிடந்தாள்.

மூன்றாவதை நான்கு மாதம் மறைத்து வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை தவறாமல் பத்திரகாளி அம்மன் கோயிலுக்கு வருகிற பிள்ளை, வர மாட்டேன் என்று நின்றாள். தாய் கெஞ்சிக் கேட்ட பிறகு அழுதுகொண்டு சொன்னாள்: சந்நிதியில் நிற்கும்போது அசிங்கமான சொற்கள் தானாக மனதில் வருகிறதாம். “நான் கெட்டவளோ அம்மா? அம்மன் கோபிப்பாவோ?” இல்லையடி குஞ்சு, நீ நல்ல பிள்ளை என்று தாய் சொன்னாள். பத்து நிமிடம் முகம் தெளியும். பிறகு மீண்டும் கேட்பாள்.

கோயில் என்றதும் உறவினர் ஒருவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. செய்வினையாம். ஆளைக் கூட்டி வந்தார், கழிப்பு, எலுமிச்சம்பழம், நூல், சாமான்கள் எல்லாம் சேர்ந்து 55,000 ரூபாய். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, அந்த நேரத்தில் பல வீடுகள் இதைத்தான் செய்யும். ஒன்பது நாள் நன்றாக இருந்தாள். பத்தாம் நாள், “அப்பா, அந்த எலுமிச்சம்பழத்தைச் சரியாகத்தான் வெட்டினவரோ?” என்று கேட்டாள். அன்றைக்கே எனக்கு வெளித்திருக்க வேண்டும். இந்த நோய்க்கு எதைக் கொடுத்தாலும் அதையும் சாப்பிட்டுவிட்டு அடுத்த கேள்வியோடு வரும்.

அடுத்தது உளவளத்துணை, கவுன்சலிங் என்பார்களே, அது. இந்த இடத்தைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், என் காசும் காலமும் அதிகம் போனது இங்கேதான். தெரிந்த ஒருவர் சொல்லி, தனியாக அறை வைத்து நடத்தும் ஒருவரிடம் கூட்டிப் போனோம். ஒரு மணித்தியாலம் 3,000 ரூபாய், வாரத்துக்கு ஒரு தடவை, 2023 ஆனி முதல் மார்கழி வரை இருபத்தெட்டு தடவை. 84,000 ரூபாய். அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. மிக நல்ல மனிதர். பொறுமையாகக் கேட்டார், குறுக்கே பேசவில்லை, தீர்ப்புச் சொல்லவில்லை. மகளுக்கு அவரைப் பிடித்திருந்தது. வெளியே வரும்போது முகம் மலர்ந்திருக்கும், எனக்கும் நெஞ்சு ஆறும். ஆனால் கை கழுவுவது குறையவில்லை. ஏழு மாதத்தில் கூடித்தான் போனது.

ஏன் என்று பிறகுதான் விளங்கியது. அவர் ஒவ்வொரு வாரமும் செய்தது நாங்கள் வீட்டில் செய்ததைத்தான். “நீங்கள் நல்ல பிள்ளை, அம்மன் கோபிக்க மாட்டா, அது வெறும் எண்ணம்தான்.” நான் கொடுத்தது ஒலிப்பதிவு, அவர் கொடுத்தது கொஞ்சம் உயர்ந்த ஒலிப்பதிவு. இந்த நோயில் பயம் வந்ததும் ஆறுதல் தேடுவதுதான் சுழல். ஆறுதல் கிடைத்தால் பயம் இறங்கும், மனம் அந்த ருசியைப் பழகிக்கொள்ளும், அடுத்த தடவை இன்னும் சீக்கிரம் கேட்கும்.

இதே மனிதரிடம் எங்கள் தெருவில் கணவனை இழந்த ஒரு அக்கா போய் நன்றாகத் தேறி வந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். மனிதர் அதே ஆள், முறையும் அதே முறை, வியாதிதான் வேறு. எங்கள் ஊரில் உளவளத்துணை என்ற சொல் பரவலாகக் காதில் விழுந்தது சுனாமிக்குப் பிறகுதான். பிள்ளைகளை, வீட்டைப் பறிகொடுத்து இருந்தவர்களுக்கு, பக்கத்தில் இருந்து காதுகொடுத்துக் கேட்கிற ஆள் தேவைப்பட்டது. பலர் அதற்கென்று குறுகிய காலப் பயிற்சி எடுத்தார்கள், நல்ல வேலையும் செய்தார்கள். அதனால் நம் மனதில் உளவளத்துணை என்றால் இருந்து கதைப்பது, அழ விடுவது, தேற்றுவது என்று பதிந்துவிட்டது. துக்கத்துக்கு அது மருந்து. என் மகளின் நோய்க்கு அது எரிகிற அடுப்புக்கு விறகு.

பேசித் தீர்க்கும் சிகிச்சை ஒன்றல்ல, பல வகை என்று எனக்கு அந்த ஏழு மாதமும் யாரும் சொல்லவில்லை. இப்போது எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கார்ல் ரோஜர்ஸ் என்ற அமெரிக்கர் வழிவந்தது, கேட்பவர் வழிகாட்டாமல் ஏற்றுக்கொண்டு கேட்கிற முறை. இழப்பு, குழப்பம், தனிமைக்கு நல்லது. ஆரன் பெக் 1960களில் தொடங்கியது எண்ணத்தையும் நடத்தையையும் சேர்த்துப் பிடிக்கிற முறை, ஆங்கில எழுத்துகளில் சிபிடி என்பார்கள்; மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் அதிகம் பயன்படுகிறது, வீட்டு வேலை தருவார்கள், கொப்பியில் எழுத வேண்டும். தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் அளவுக்கு உணர்ச்சி கொந்தளிக்கிறவர்களுக்கென்று மார்ஷா லினஹான் உருவாக்கிய டிபிடி தனி. குடும்பத்தையே ஒன்றாக இருத்திச் செய்வது இன்னொன்று. சின்னப் பிள்ளைகளுக்கு விளையாட்டை வைத்துச் செய்வார்கள். என் மகளுக்கு வேண்டியிருந்தது சிபிடியின் ஒரு கிளை. பயத்தை வேண்டுமென்றே வரவழைத்து, பிறகு கழுவாமல், கேட்காமல், சரிபார்க்காமல் இருக்கப் பழக்குவது. இஆர்பி என்று சொல்வார்கள். 1966இலேயே லண்டனில் விக்டர் மேயர் என்பவர் இதைச் செய்து எழுதிவிட்டார். நான் பிறப்பதற்கு முன்பே கண்டுபிடித்த ஒன்று என் வீட்டு வாசலுக்கு வர இவ்வளவு காலம் எடுத்தது.

2024 தையில் பரீட்சை. உயிரியல் முதலாம் பத்திரம், ஐம்பது பல்தேர்வு வினா, இரண்டு மணித்தியாலம். என் மகள் பத்தொன்பதுக்குத்தான் விடை போட்டாள். ஒவ்வொரு வினாவையும் வாசித்து, சரியாக வாசித்தேனா என்று திரும்ப வாசித்து, சரியான இலக்கத்துக்கு நேரேதான் போட்டேனா என்று திரும்பப் பார்த்து. மற்றப் பாடங்களுக்குப் போகவில்லை. ஒரு ‘ஷை’, பரீட்சை எழுதும் ஒரு வாய்ப்பு, போனது. காசைத் திரும்ப உழைக்கலாம், அந்த வருடத்தைப் பற்றி எனக்கு இன்றைக்கும் நெஞ்சுக்குள் ஒரு கல் இருக்கிறது.

அந்தப் பதற்றத்தில் கொழும்புக்கு ஓடினோம். உண்மையைச் சொன்னால், பெரிய டொக்டர் என்பதைவிட, தெரிந்தவர்கள் யாரும் பார்க்க மாட்டார்கள் என்பதுதான் காரணம். திருகோணமலை சின்ன ஊர். மனநலக் கிளினிக் வாசலில் பெண் பிள்ளையோடு நின்றால், நாளைக்குக் கல்யாணப் பேச்சில் வந்து நிற்கும் என்று மனைவி பயந்தாள், நானும்தான். இரவு ரயில், லொட்ஜ், டொக்டரைத் தனியாரில் பார்க்கிற சனலிங் காசு, இரண்டு பயணத்துக்கும் 48,000 ரூபாய். டொக்டர் ஏழு எட்டு நிமிடம் பார்த்தார். அவர் ஆங்கிலத்தில் கேட்டார், மகள் பாதி சொன்னாள், கோயில் விடயத்தை அந்த மொழியில் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. மருந்து எழுதித் தந்தார். மூன்று வாரம் போட்டோம், மாற்றம் தெரியவில்லை, நானே நிறுத்திவிட்டேன். அது என் முட்டாள்தனம். இந்த நோய்க்கு அந்த வகை மருந்து வேலை செய்யத் தொடங்கவே எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகலாம், கேட்காமல் நிறுத்தவும் கூடாது. இதை யாரும் சொல்லித் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

பங்குனியில் வேறு வழியில்லாமல் இங்கேயே அரச ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போனோம். மோட்டார் சைக்கிளைத் தூரத்தில் நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றாமலே கேற் வரைக்கும் நடந்தேன். உள்ளே போனால் என் கடையில் வாராவாரம் பெயின்ற் வாங்குகிற மேசன் தன் மகனோடு இருக்கிறார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அவர் தள்ளி இருந்து இடம் தந்தார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஹெல்மெட் போடவில்லை.

அங்கே இருபது நிமிடத்தில் நோய்க்குப் பெயர் கிடைத்தது. ஓசிடி, தமிழில் எண்ணச் சுழற்சி நோய். தமிழில் கேட்டார்கள். அந்த இளம் டொக்டர் மகளிடம், “கோயிலில், கும்பிடும் இடத்தில் கூடாத எண்ணம் வருகிறதா?” என்று அவராகவே கேட்டார். மகள் திகைத்துப் போய்ப் பார்த்தாள். “உங்களுக்கு மட்டும் இல்லை, இந்த நோயில் இது நிறையப் பேருக்கு வரும். எதை அதிகம் மதிக்கிறோமோ அதில்தான் வந்து குத்தும்” என்றார். என் மகள் அழுதாள். பதின்மூன்று மாதத்தில் முதல் தடவையாக அவள் பயத்தில் அழவில்லை. ஆலோசனைக்கு ஒரு சதம் செலவில்லை, மருந்தும் அங்கேயே தந்தார்கள். செய்வினை 55,000, கதைத்தது 84,000, கொழும்பு 48,000, மொத்தம் 1,87,000 ரூபாயைக் கொட்டிவிட்டு, வீட்டிலிருந்து பதினைந்து நிமிடத் தூரத்தில் இலவசமாக இருந்த இடத்துக்குக் கடைசியாகப் போயிருக்கிறோம்.

கிளினிக்கில் கூட்டம் அதிகம், வாராவாரம் ஒரு மணித்தியாலம் இருந்து இஆர்பி செய்ய அவர்களுக்கு நேரம் இல்லை. அதை அவர்களே நேராகச் சொன்னார்கள். மருந்து இங்கே, சிகிச்சை கொழும்பில் இருக்கும் தமிழ் தெரிந்த ஒரு மருத்துவ உளவியலாளரிடம் வீடியோ அழைப்பில் என்று ஒழுங்கானது. 4,000 ரூபாய்ப்படி பதினாறு தடவை. இந்தக் காசை நான் நட்டத்தில் எழுதவில்லை. இந்தத் தடவை முதல் அழைப்பிலேயே, முன்பு கேட்காமல் விட்டதை எல்லாம் கேட்டேன். என்ன முறை செய்வீர்கள், இந்த நோய் உள்ளவர்களுக்கு முன்பு செய்திருக்கிறீர்களா, எங்கே படித்தீர்கள், ஏறக்குறைய எத்தனை தடவை, வீட்டில் பிள்ளைக்கு என்ன வேலை தருவீர்கள், முன்னேற்றம் இருக்கிறதா இல்லையா என்று எதை வைத்துப் பார்ப்பீர்கள், எங்களையும் சந்திப்பீர்களா. அவர் கோபிக்கவில்லை, கேட்டது நல்லது என்றார். இந்தக் கேள்விக்கு முகம் சுழிக்கிறவரிடம் காசு கட்டாதீர்கள். ஐந்தாறு தடவை போயும் எதுவும் அசையவில்லை என்றால் நேராகக் கேளுங்கள். ‘நல்ல மனிதர், எப்படிச் சொல்வது’ என்று நான் இருபத்தெட்டு தடவை இருந்ததுபோல் இருக்காதீர்கள்.

சிகிச்சை எப்படி இருந்தது என்றால், கேட்க எளிது, பார்க்கக் கொடுமை. பயங்களை எல்லாம் ஒரு ஏணி போல எழுதி, ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு எவ்வளவு பயம் என்று மகளே புள்ளி போட்டாள். கதவுப் பிடியைத் தொடுவது முப்பது. செருப்பைத் தொட்டுவிட்டுக் கழுவாமல் இருப்பது ஐம்பத்தைந்து. காஸைக் கேட்காமல் படுப்பது எழுபது. அம்மன் முன்னால் நின்று அந்த எண்ணம் வரும்போது மன்னிப்புக் கேட்காமல் அப்படியே வரவிடுவது நூறு. கீழிருந்து ஒவ்வொன்றாக. பயம் ஏறும், உச்சியில் நிற்கும், எதுவும் செய்யாமல் இருந்தால் தானாக இறங்கும். சில நாள் சரியாக இறங்காமலே படுக்கப் போனாள், அதுவும் பாடம்தான் என்றார் அந்த உளவியலாளர். தைரியம் முழுக்கப் பிள்ளையுடையது. நானென்றால் செய்திருப்பேனோ தெரியாது.

எனக்கும் மனைவிக்கும் அவர் வைத்த வேலை வேறு. ஆறுதல் சொல்வதை நிறுத்த வேண்டும். அதுவும் திடீரென்று இல்லை, மகளுக்கு முன்கூட்டியே சொல்லி, அவளுடைய சம்மதத்தோடு. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் எலி லெபோவிட்ஸ் என்பவர், பிள்ளையைக் கூப்பிடாமல் பெற்றோரை மட்டும் வைத்தே பிள்ளையின் பதற்றத்துக்குச் சிகிச்சை செய்கிற ஒரு முறையை உருவாக்கியிருக்கிறார் என்றும், ஏழிலிருந்து பதினான்கு வயதுப் பிள்ளைகளிடம் செய்து 2020இல் வெளியான ஆய்வில் அது பிள்ளையோடு நேரே செய்த சிபிடிக்குக் குறையாமல் பலன் தந்தது என்றும் சொன்னார். என் மகளுக்கு வயது கூட, வியாதியும் கொஞ்சம் வேறு, ஆனால் அடிப்படை எங்களுக்கும் பொருந்தியது. சொல்ல வேண்டிய வசனத்தில் இரண்டு பாதி: உனக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும் என்பது ஒரு பாதி, உன்னால் தாங்க முடியும் என்பது மறுபாதி. முதல் பாதி மட்டும் என்றால் பழையபடி தடவிக்கொடுப்பது, இரண்டாம் பாதி மட்டும் என்றால் அதட்டல். எங்கள் வீட்டில் அதுவரை தாய் முதல் பாதி, நான் இரண்டாம் பாதி, நடுவில் சண்டை.

முதல் இரவு அவள் கேட்டாள், “காஸ் பூட்டியாச்சோ?” “கஷ்டமாத்தான் இருக்கும் பிள்ளை. ஆனா உன்னால இருக்க ஏலும்.” இன்னொரு தரம் கேட்டாள். அதையே சொன்னேன். தட்டை எறிந்தாள். “உங்களுக்கு என்னில பாசமே இல்லை” என்றாள். எழும்பிப் போய் முற்றத்தில் நின்றேன். ஒரு சொல், ‘ஓம்’ என்ற ஒரு சொல் சொன்னால் இந்த வீடு அமைதியாகிவிடும், அதைச் சொல்லாமல் நிற்கிறேன். இரண்டரை மணிக்கு அவள் தூங்கினாள். மூன்றாம் வாரம் பதினொன்றரைக்கே தூங்கினாள். முதல் சில நாள் நிலைமை மோசமாகும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள், அதைத் தெரியாமல் இறங்கியிருந்தால் இரண்டாம் நாளே விட்டிருப்போம்.

இன்னொன்றும் எனக்கு முதலில் கசந்தது. மகள் உள்ளே என்ன கதைத்தாள் என்று கேட்டேன், அவர் சொல்ல மாட்டேன் என்றார். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் சொல்வார். காசு கட்டுவது நான் என்று வாய்வரை வந்தது. பிறகு யோசித்தேன், முந்தையவர் எங்களிடம் ஒவ்வொன்றையும் சொன்னார், அதனால்தான் மகள் அவரிடம் பல விடயங்களைச் சொல்லவே இல்லை.

பெற்றோர் குழுவைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. பெரிய அமைப்பு ஒன்றும் இல்லை. கிளினிக் வாங்கில் பழகிய ஐந்தாறு குடும்பம், மாதத்தில் இரண்டு சனிக்கிழமை யாராவது ஒருவர் வீட்டில், பிளேன்ரீயும் கடலையும். குடியை விட நினைக்கிறவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடுகிற ஏஏ என்ற குழு 1935இல் அமெரிக்காவில் தொடங்கி, 1951இல் அவர்களுடைய வீட்டாருக்கென்று அல்-அனன் தனியாக வந்தது என்று வாசித்தேன். நோயாளிக்கு ஒரு குழு, வீட்டாருக்கு வேறொரு குழு என்பது அவ்வளவு பழைய யோசனை. எங்களோடு கிண்ணியாவிலிருந்து ஒரு நானா வருவார். மகன் தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவிச் சுத்தம் செய்கிற உளூ எடுக்கவே முக்கால் மணித்தியாலம் நிற்பானாம். “எங்கட ஆக்கள் இதை வஸ்வாஸ் எண்டு சொல்ற, அண்ணன். மௌலவி மகனைக் கூப்பிட்டு, மூணு தரத்துக்கு மேல கழுவாத, சந்தேகம் வந்தா வரட்டும், நீ போய்த் தொழு எண்டு சொன்னார்” என்றார். நான் வாயடைத்துப் போனேன். என்னுடைய 84,000 ரூபாயை விட அந்த மௌலவி சொன்னது சிகிச்சைக்குக் கிட்ட இருந்தது.

இந்தக் குழு சிகிச்சை அல்ல. சிகிச்சை தெரிந்தவர் நடத்துகிற குழுச் சிகிச்சை வேறு, இப்படிக் கூடியிருப்பது வேறு. இங்கே கிடைப்பது, தட்டு எறிந்த இரவைச் சொன்னால் “எங்கட வீட்டில கண்ணாடி” என்று ஒருவர் சொல்லி எல்லோரும் சிரிக்கிற அந்தச் சிரிப்பு. ஆனால் விதிகள் பட்டுத்தான் வைத்தோம். ஒருவருடைய மருந்தை இன்னொருவருக்குச் சிபாரிசு செய்யக் கூடாது. பிள்ளைகளின் பெயர் வேண்டாம், ‘மூத்தவன்’, ‘சின்னவள்’ போதும், சின்ன ஊர். யார் பிள்ளைக்கு அதிகம் கஷ்டம் என்று போட்டி போடக் கூடாது. வாட்ஸ்அப் குழு ஒன்று தொடங்கி ஒரு மாதத்தில் மூடினோம், இரவு ஒரு மணிக்கு ‘இது பரவாயில்லையா’ என்று பெற்றோர் நாங்களே ஆறுதல் தேடத் தொடங்கிவிட்டோம். பிள்ளைகளின் நோய் எங்கே இருந்து வந்தது என்று அன்றைக்கு மனைவி கேட்டாள், பகிடியாகத்தான்.

2024 கார்த்திகை கடைசியில் மகள் திரும்பப் பரீட்சைக்கு இருந்தாள். தொடங்கியதும் புயல் மழை, வெள்ளம், பரீட்சையைச் சில நாள் தள்ளிப்போட்டார்கள். எப்போது நடக்கும் என்று தெரியாமல் வீட்டில் இருந்த அந்த நாட்களில் திரும்பக் கை கழுவத் தொடங்கினாள். நான் பயந்தேன். அவள் ஏணிக் கொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு, தானே கீழிருந்து தொடங்கினாள். மூன்று பாடமும் எழுதி முடித்தாள். இப்போதும் கூடுதலாகத்தான் கை கழுவுவாள், காஸைத் தானே ஒரு தரம் பூட்டிவிட்டுப் படுப்பாள். கோயிலுக்கு வருகிறாள். உள்ளே என்ன நடக்கிறது என்று நான் கேட்பதில்லை.

யாருக்காவது இது இப்போது நடந்துகொண்டிருந்தால், எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால், 1926க்கு எடுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் இலவச இலக்கம், இருபத்து நான்கு மணித்தியாலமும். சும்மா யாராவது கேட்க வேண்டும் போல இருந்தால் சுமித்ராயோ என்ற தொண்டு அமைப்பு 1974 முதல் அதைத்தான் செய்கிறது. கிளினிக்குக்குப் போகிறதென்றால், முன்பு தந்த மருந்துச் சீட்டுகள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள், எதை எத்தனை நாள் போட்டது என்று ஒரு துண்டில் எழுதி வையுங்கள். பிள்ளை ஒரு நாளில் எத்தனை தரம் கழுவுகிறது, எத்தனை தரம் கேட்கிறது, நீங்கள் எத்தனை தரம் பதில் சொல்கிறீர்கள் என்று ஒரு கிழமைக்குக் குறித்துப் போனால் டொக்டருக்கு அரை மணித்தியாலம் மிச்சம். காலை ஏழு மணிக்கு முன்னால் வரிசையில் நில்லுங்கள். தண்ணீர்ப் போத்தலும், சாப்பிட ஏதாவதும் கொண்டுபோங்கள், மத்தியானமாகும்.